நித்தியகல்யாணியைச் சாறு பிழியலாமா?

"ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு பழம். அதன் சாறு பட்டால் புற்றுநோய்க் கட்டி ஐந்தே நிமிடத்தில் கருகிவிடும்!"

இப்படி ஒரு செய்தி உங்கள் வீட்டுக் கைபேசிக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் இதே செய்தி முள்சீத்தா பெயரிலோ, நாவல்பழத்தின் பெயரிலோ, கோதுமைப்புல்லின் பெயரிலோ வந்திருக்கும். செடியின் பெயர்தான் மாறும்; செய்தி மாறாது. பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு யாரைக் கேட்பார்கள்? உங்களைத்தான். "ஏம்மா, நீதான் சயின்ஸ் படிக்கிறியே, இது நெசமா?" வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைதான் அந்த வீட்டின் விஞ்ஞானி. ஆகவே நீங்கள் சொல்லப்போகும் பதிலுக்கு மதிப்பு உண்டு. சில சமயம் ஓர் உயிரின் மதிப்பே உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அதெல்லாம் பொய்" என்று சொல்லாதீர்கள். "உண்மைதான்" என்றும் சொல்லாதீர்கள். "எவ்வளவு?" என்று கேளுங்கள். இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியனுக்கு மருந்துச் செடிகளைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். இந்த "எவ்வளவு" என்ற சொல்தான் என் உரிமை. எங்கள் பாடத்தில் அளவில்லாமல் ஒன்றும் நடக்காது.

முதலில் அந்த ஆஸ்திரேலியப் பழத்தையே எடுத்துக்கொள்வோம். அது கற்பனை இல்லை. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மழைக்காட்டில் வளரும் ஒரு மரம் அது. விஞ்ஞானப் பெயர் ஃபோன்டைனியா பிக்ரோஸ்பெர்மா. அதிலிருந்து பிரிக்கப்பட்ட வேதிப்பொருள் டிகிலனால் டிக்லேட். 2014-ஆம் ஆண்டில் இதைப் பற்றிய ஆய்வு வெளியானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எலிகளின் கட்டியில் இதை ஊசியாகச் செலுத்தியபோது, கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கின. கட்டி கறுத்து உதிர்ந்தது. ஐந்து நிமிடம் என்ற பேச்சு வந்தது இப்படித்தான்.

இனி, செய்தி சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். மருந்து பழத்தின் சதையில் இல்லை, விதைக்குள் இருக்கும் பருப்பில் இருக்கிறது. அதைத் தின்னவும் இல்லை, குடிக்கவும் இல்லை. தூய்மையாகப் பிரித்தெடுத்து, அளந்து, நேராகக் கட்டிக்குள் ஊசி போட்டார்கள். 2020-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. யாருக்கு? நாய்களுக்கு! நாய்களின் தோலில் வரும் ஒருவகைக் கட்டிக்கு. ஒரே ஊசியில் நான்கில் மூன்று கட்டிகள் முழுதும் மறைந்தன; அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. மனிதர்களிடம் நடந்த முதல் சோதனையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. 22 நோயாளிகள்; அவர்களில் 6 பேரிடம் பலன் தெரிந்தது; அந்த ஆறில் 4 பேருக்கு ஊசி போட்ட கட்டி முற்றிலும் மறைந்தது. மற்ற 16 பேருக்கு மறையவில்லை. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் "புற்றுநோயை அழிக்கும் பழம்" என்பதற்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம்!

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த மரம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு நேர்வாளமும் அதே குடும்பம்தான். நேர்வாள எண்ணெயில் இருக்கும் ஃபோர்பால் எஸ்டர்கள் என்ற பொருள்களும் இந்த டிகிலனால் டிக்லேட்டும் வேதி அமைப்பில் நெருங்கிய உறவினர்கள். அந்த ஃபோர்பால் எஸ்டர் ஒன்றை எலியின் தோலில் திரும்பத் திரும்பத் தடவினால் என்ன ஆகும் தெரியுமா? புற்றுக்கட்டி வளர்வது தூண்டப்படும்! புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் கட்டியை வரவழைக்கவே பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஒரே குடும்பத்து வேதிப்பொருள்களில் ஒன்று கட்டியை வளர்க்கிறது, ஒன்று கரைக்கிறது. மூலக்கூறின் அமைப்பில் உள்ள மாற்றங்கள்தான் வித்தியாசம். "இது இயற்கையானது, ஆகவே நல்லது" என்ற வாதம் இங்கே எந்தப் பக்கம் நிற்கும்?

சரி, ஆஸ்திரேலியா தூரத்தில் இருக்கிறது. நம் ஊர் நாவல்பழத்துக்கு வருவோம். ஊசுட்டேரிக் கரையிலும் பாகூர் ஏரிக் கரையிலும் நாவல் பொறுக்கித் தின்று நாக்கு ஊதாவாகாத பிள்ளை உண்டா? அந்த ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்ற பொருள், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஆய்வுகள் உண்டு. உண்மைதான். (கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைச் சோப்புத் தண்ணீரும் கொல்லும், உப்புக் கரைசலும் கொல்லும் என்பது வேறு விஷயம்.) நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் இருக்கும் செல்களைத் தடுக்க ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் தேவை என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய ஆய்வுகளில் சாதாரணமாகக் காணப்படும் அளவுதான் இது. நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதாவது 5,000 மில்லிலிட்டர். எனவே இரத்தத்தில் அதே செறிவு வர அரை கிராம் ஆந்தோசயனின் வேண்டும். ஆனால் நாம் தின்னும் ஆந்தோசயனின் முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை; நூற்றில் ஒரு பங்கு சேர்ந்தால் அதிகம். ஆகவே 50 கிராம் உள்ளே போக வேண்டும். 100 கிராம் பழச்சதையில் 200 மில்லிகிராம் இருக்கிறது என்று கொண்டால், 50 கிராமுக்கு எத்தனை பழம்? 25 கிலோ. ஒரே வேளையில்! கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடனுக்குடன் வெளியேற்றிக்கொண்டே இருக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் ஒரு நாவல் தோப்பையே தின்ன வேண்டிவரும்.

நாவல்பழம் நல்ல பழம். தின்னுங்கள். உப்புத் தொட்டுத் தின்னுங்கள். ஆனால் அது புற்றுநோய்க்கு மருந்து என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

இதுவரை படித்துவிட்டு, "அப்படியானால் செடிகளில் மருந்து இருப்பதெல்லாம் கட்டுக்கதைதானா?" என்று கேட்டால், இல்லவே இல்லை என்பேன். அதற்குச் சாட்சி நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

நித்தியகல்யாணிச் செடியை உங்களுக்குத் தெரியும். ஐந்து இதழ், ரோஸ் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். மணல் தரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டுப்பூ என்றும் ஒரு பெயர். ஆடு கடிக்காது, அதனால் வேலியில்லாத இடத்திலும் பிழைத்துவிடும். ஆடு ஏன் கடிப்பதில்லை என்று எப்போதாவது யோசித்தீர்களா? இலை கசப்பு. அந்தக் கசப்பு, ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களால் வருகிறது. இந்த ஒரு செடியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரித்த ஆயுதங்கள் அவை. நமக்கு மருந்தாகட்டும் என்று தயாரித்தவை அல்ல.

நம் ஊர் மூலிகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, இதன் தாய்நாடு மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாக உலகத்தின் வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. போன இடமெல்லாம் மக்கள் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். நம் பக்கத்திலும் குடிப்பார்கள். ஜமைக்காத் தீவிலும் குடித்தார்கள். 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். இன்சுலின் கண்டுபிடிப்புக் காலத்தில் அந்தக் குழுவோடு தொடர்புடையவர் அவர். 1921-இல் யார் முதலில் உதவியாளராகச் சேர்வது என்று சார்லஸ் பெஸ்டும் அவரும் நாணயம் சுண்டிப் பார்த்ததாகவும், அவர் தோற்றதாகவும் சொல்வதுண்டு. அவர் அந்த உறையை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார்.

ராபர்ட் நோபிள் இலைச் சாரத்தை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை, எலிகள் செத்துப்போயின! வேறொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். அவர் ஏன் செத்தன என்று பார்த்தார். கிருமித் தொற்று. ஏன் தொற்று வந்தது? எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அங்கேதான் அவருக்கு மின்னல் வெட்டியது. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் என்றால், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு, அதாவது இரத்தப் புற்றுநோய்க்கு, அது உதவுமல்லவா? சார்லஸ் பீர் என்ற வேதியியலாரோடு சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் உலகுக்கு அறிவித்த அந்தப் பொருள்தான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தாரும் இதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வழியாக வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றும் வந்தது. 1963-இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. (இலையைக் குடித்துக் காட்டிய ஜமைக்கா மக்களுக்கும், செடியைத் தந்த மடகாஸ்கருக்கும் இதில் என்ன பங்கு கிடைத்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. நல்ல கதை அல்ல.)

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே பாதி இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லக் கதிர்கோல் இழைகள் தோன்றும் என்று படித்திருப்பீர்கள். அந்த இழைகள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகளால், செங்கல் மேல் செங்கல் வைப்பதுபோலக் கட்டப்படுகின்றன. வின்கிரிஸ்டின் அந்தச் செங்கல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இழை எழும்ப முடியாது. குரோமோசோம்கள் நடுவில் வந்து வரிசையாக நிற்கும், இழுக்க ஆளில்லை. பிரிய முடியாமல் நின்ற செல் இறந்துபோகும். புற்றுநோய்ச் செல் அடிக்கடி பிரிவதால் அதற்கு அடி அதிகம். ஆனால் தலைமுடி வேரில் இருக்கும் செல்லும் அடிக்கடி பிரிவதுதான். எலும்பு மஜ்ஜைச் செல்லும் அப்படித்தான். எனவே முடி கொட்டலாம், வெள்ளணு குறையலாம். நரம்புகளுக்குள்ளும் இதே டியூபுலின் குழாய்கள்தான் சரக்குப் பாதைகளாக இருக்கின்றன. அதனால் விரல்கள் மரத்துப்போகலாம். இதே வின்கிரிஸ்டின் தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டால் உயிரே போய்விடும். சிரை வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும்.

நம் சுடுகாட்டுப்பூவின் பொருள்தான் இத்தனையும் செய்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இப்போது மீண்டும் "எவ்வளவு?" வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம். அந்த ஒற்றை அரிசியைப் பத்தாகப் பிளந்தால் ஒரு துண்டு. அவ்வளவுதான் மருந்து! ஆனால் அந்தத் துண்டைச் செடியிலிருந்து எடுப்பது எளிதல்ல. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டின் இன்னும் குறைவு; ஒரு கிராமுக்குச் சுமார் 2 டன். அப்படியானால் 2 மில்லிகிராமுக்கு 4 கிலோ காய்ந்த இலை. பச்சை இலை காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்காகும் என்று கொண்டால், 20 கிலோ பச்சை இலை. நம் வீட்டில் ஒரு கைப்பிடி பறித்துச் சாறு பிழிகிறோமே, அது 20 கிராம் இருக்குமா? வேண்டிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் வயிற்றின் வழியாகப் போனால் இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது நிச்சயமில்லை. ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாள் மாறும்.

அளவு போதாது என்பதால் தீங்கும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கைப்பிடிச் சாற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற ஆல்கலாய்டுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றின் அளவு செடிக்குச் செடி, மழைக்காலம் வெயில்காலம் என்று மாறும். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வெள்ளணு குறைந்து நிற்கும் நோயாளி, யாருக்கும் சொல்லாமல் வீட்டில் இந்தச் சாற்றையும் குடித்தால் டாக்டரின் கணக்கெல்லாம் தப்பிப்போகும்.

என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது ஒரு கேள்வி. பாகூர் கொம்யூனிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய சின்னம்மாவுக்கு மார்பில் ஒரு சிறு கட்டி இருந்தது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர்கள் "ஆஸ்பத்திரிக்குப் போனா கீமோ போடுவாங்க, முடியெல்லாம் கொட்டிடும், அது கெமிக்கல். இயற்கையா வைத்தியம் பண்ணிக்கோ" என்றார்களாம். எட்டு மாதம் இலைச் சாறு. கட்டி அக்குள் வரை பரவிய பிறகுதான் பேருந்து ஏறினார்கள். அங்கே அவர்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்துகளில் ஒன்று பாக்ளிடாக்செல். "சார், அது என்ன மருந்து?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பாக்ளிடாக்செல் என்பது யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காட்டு மரம். அதுவும் கதிர்கோல் இழையைத்தான் தாக்குகிறது. ஆனால் நேர் எதிர் வழியில். நித்தியகல்யாணியின் மருந்து இழையைக் கட்டவிடாது; யூ மரத்தின் மருந்து கட்டிய இழையைப் பிரிக்கவிடாது. கட்டவும் வேண்டும், பிரிக்கவும் வேண்டும் என்பதால் இரண்டு வழியிலும் செல் மாட்டிக்கொள்கிறது.

எந்த "கெமிக்கலுக்கு" அந்தச் சின்னம்மா பயந்தார்களோ, அது ஒரு மரப்பட்டை. எந்த "இயற்கையை" நம்பி எட்டு மாதம் காத்திருந்தார்களோ, அந்த இயற்கை ஆஸ்பத்திரிப் பாட்டிலுக்குள்தான் இருந்தது; அளந்து, வடிகட்டி, சோதித்து வைக்கப்பட்டு இருந்தது. இதை அவர்களுக்கு முன்னமே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் மூலிகை மேல் இல்லை. போன எட்டு மாதத்தின் மேல்தான். மார்பில் வரும் கட்டியோ, வாயில் வரும் புண்ணோ, கர்ப்பப்பை வாயில் வரும் மாற்றமோ, ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உள்ளவை. தாமதித்தால் அந்த வாய்ப்புச் சுருங்கிக்கொண்டே போகும். பாகூரிலிருந்து ஜிப்மர் போகப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கிக் கோரிமேட்டுக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். வரிசையில் நிற்க வேண்டும். சாறு பிழிவது வாசலிலேயே முடிந்துவிடும். மக்கள் சாற்றை நாடுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர்களை அறியாமை என்று கேலி செய்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

சித்த வைத்தியத்தையும் நான் கேலி செய்யவில்லை. நேர்வாளத்தையும் சேராங்கொட்டையையும் முறை தெரிந்த வைத்தியர் எவரும் அப்படியே அரைத்துக் கொடுப்பதில்லை. சுத்தி செய்வார்; அளவு சொல்வார்; பத்தியம் சொல்வார். "எவ்வளவு?" என்ற கேள்வி அவருக்கும் தெரியும். கைபேசிச் செய்திக்குத்தான் அது தெரியாது.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. யூ மரத்தின் மருந்தைப் பிரித்த மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் அதற்கு முன்பே, 1966-இல், ஒரு சீன மரத்திலிருந்து கேம்டோதெசின் என்ற பொருளைக் கண்டறிந்திருந்தார்கள். (வானி இந்தியாவில் பிறந்தவர்.) அதே கேம்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் நிறைய இருக்கிறது என்று 1972-இல் கண்டு சொன்னவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். பின்பு பம்பாயில் சீபா ஆராய்ச்சி மையத்தில் இருந்தபோது விஸ்வநாதன் என்ற சகாவோடு இதைச் செய்தார். ஆனால் செடியிலிருந்து எடுத்த கேம்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தம் கசிந்தது. 1970-களில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்த மூலக்கூறைச் சற்றே மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்து, டோபோடெகான், இரினோடெகான் என்ற மருந்துகளாக்கி 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு 30 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த மரங்களை வெட்டி வெட்டி ஏற்றுமதி செய்து, காட்டில் அது அரிதாகிப்போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நித்தியகல்யாணிக்கு அந்தக் கதி நேரவில்லை, அது பயிராகிவிட்டது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் பயிரிடுகிறார்கள். இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. 1980-களில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் சிப்லா நிறுவனமும் சேர்ந்து இந்த இரு மருந்துகளையும் நம் நாட்டிலேயே தயாரிக்க வழி செய்தார்கள். 2022-இல் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகள் இச்செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் தொட்டியிலேயே காய்ச்ச முடியும் என்று காட்டினார்கள். தோசை மாவோடு உறவுகொண்ட ஒரு நுண்ணுயிர் புற்றுநோய் மருந்தின் பாதியைத் தயாரிக்கிறது என்றால் ஆச்சரியம்தானே!

பலன் என்ன என்று கேட்டால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் காட்டுவேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்த இடம். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். அடையாறும், பம்பாய் டாட்டா மருத்துவமனையும், டில்லி எய்ம்ஸும் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. பல மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, நாள் குறித்து, அளவு குறித்துக் கொடுக்கும் திட்டம் அது. அதில் வின்கிரிஸ்டினும் ஒன்று. பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் தெளிவாக உயர்ந்தது. முன்பெல்லாம் இந்த நோய் என்றால் குழந்தை போய்விடும் என்றுதான் பொருள். அந்தக் குழந்தைகளில் யாரும் நித்தியகல்யாணிச் சாறு குடித்துப் பிழைக்கவில்லை, நித்தியகல்யாணியால்தான் பிழைத்தார்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பாட்டிக்கு விளக்கத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நம் பள்ளிகள் பலவற்றில் மூலிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். நான் போன ஒரு பள்ளியில் நித்தியகல்யாணிச் செடியின் முன்னே ஒரு தகரப் பலகை இருந்தது. "நித்தியகல்யாணி. பயன்: புற்றுநோய், சர்க்கரை நோய்" என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். மற்ற செடிகளின் பலகையும் இதே அச்சுத்தான்: தூதுவளை, பயன் சளி; கீழாநெல்லி, பயன் காமாலை. சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் குடிப்பதுபோலப் புற்றுநோய்க்கு இதைக் குடிக்கலாம் என்றுதானே அதைப் படிக்கும் பிள்ளை நினைக்கும்? பிள்ளையைச் சேர்க்க வரும் தாயும் படிக்கிறாள். பள்ளியில் எழுதிவைத்ததை மக்கள் நம்புவார்கள். கைபேசிச் செய்தியை விட அது ஆபத்தானது.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பலகை இருந்தால் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு அதை மாற்றி எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நித்தியகல்யாணி. தாயகம் மடகாஸ்கர். இதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகளைப் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் அளந்து ஊசியாகத் தருகிறார்கள். இலையைத் தின்னவோ சாறு குடிக்கவோ கூடாது. வலிக்காத கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இரத்தப்போக்கு இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும்."

இதற்குப் பழைய பலகை போதாது. இரண்டடிக்கு ஒன்றரை அடித் தகரமாவது வேண்டும்.